1954-ல் கொடி மாறியது; வேறு என்ன மாறியது? (புதுச்சேரி)

16 ஆகஸ்ட் 2023, காலை – கேள்வி

இன்னைக்கு லீவு. எதுக்கு லீவுன்னு எங்க ஆபீஸ்ல பாதி பேருக்குத் தெரியல. என் கருத்தைச் சொல்றேன், திட்டாதீங்க. பிரெஞ்சுக்காரன் போனான், டெல்லிக்காரன் வந்தான், கொடி மாறுச்சு, அவ்வளவுதான். சாதாரண ஜனங்க வாழ்க்கையில ஒண்ணும் மாறல. மாறிச்சுன்னா எது மாறிச்சு, எந்தத் தேதில மாறிச்சு? பழைய ஆளுங்க யாராவது சொல்லுங்க.

16 ஆகஸ்ட், இரவு

பழைய ஆள் என்று கூப்பிட்டதால் வந்தேன். வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். இந்த ஊர்ப் பழைய பத்திரங்களின் தூசி என் மூக்கிலிருந்து இன்னும் போகவில்லை.

லீவு குழப்பத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. நமக்கு விடுதலை நாள் மூன்று. ஆகஸ்ட் 15 நாடு முழுக்க. நவம்பர் 1, பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கையில் கொடுத்த நாள், 1954. ஆகஸ்ட் 16, சட்டப்படி எழுதிக் கொடுத்த நாள், 1962. சாவி முதலில் வந்தது, பத்திரம் எட்டு வருஷம் கழித்து வந்தது.

எந்தத் தேதியில் என்று கேட்டீர்களே, நல்ல கேள்வி அதுதான். நீங்கள் யாருடைய பேரன், யாருடைய பேத்தி என்பதைப் பொறுத்து அந்தத் தேதி மாறும் என்பது என் கட்சி. விவரமாக எழுதுகிறேன், இன்று கண் எரிகிறது.

17 ஆகஸ்ட்

ஒருவர் கீழே "மக்கள் ஓட்டுப் போட்டு இணைந்தோம்" என்று எழுதியிருக்கிறார். வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் அப்படித்தான், 1949-ல் ஜனங்களே ஓட்டுப் போட்டார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடியவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள், 178 பேர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. மூன்றே நாளில் டெல்லியில் ஒப்பந்தம், நவம்பர் 1 அன்று கைமாற்றம். என் பாட்டனும் உங்கள் பாட்டனும் ஓட்டுச் சீட்டைக் கையில் தொடவே இல்லை.

அந்த 170-ல் எத்தனை பேர் மனசார, எத்தனை பேர் காற்று திரும்பியதைப் பார்த்து என்று கேட்காதீர்கள். அரசியல் தலைவர் குபேர் முதலில் பிரெஞ்சுக்காரர் பக்கம் இருந்தவர். 1954 மார்ச்சில் இந்தப் பக்கம் வந்து நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைத்தார், 1963-ல் முதல் முதலமைச்சரும் ஆனார். கடற்கரைச் சாலைக்கு இன்று அவர் பெயர். கம்யூனிஸ்ட் தலைவர் சுப்பையாவும் மில் தொழிலாளர்களும் 1936-லேயே துப்பாக்கிச் சூட்டில் 12 பேரைப் பறிகொடுத்தவர்கள். அவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

19 ஆகஸ்ட்

என் தாத்தா கதை. பிரெஞ்சு சர்க்காரில் எழுத்தர். பிரேவே, அதாவது பிரெஞ்சுப் பள்ளிச் சான்றிதழ்ப் பரீட்சை வரை படித்தவர். அந்தக் காலத்தில் அது பெரிய படிப்பு, பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள்.

1954 நவம்பர் 1 திங்கட்கிழமை. மறுநாள் தாத்தா வழக்கம்போல வேலைக்குப் போனார். அதே கட்டடம், அதே நாற்காலி, அதே மைக்கூடு. ஒப்பந்தத்தில் பழைய சிப்பந்திகளை வைத்துக்கொள்வதாக எழுதியிருந்தார்கள், யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. இதுவரை கேள்வி கேட்டவர் ஜெயிக்கிறார், ஒன்றும் மாறவில்லை.

அப்புறம் டைப்ரைட்டர் வந்தது. பிரெஞ்சு மெஷினில் 'ஏ' இருக்கிற இடத்தில் இங்கிலீஷ் மெஷினில் 'க்யூ' இருக்கும். தாத்தா விரல் பத்துப் பதினைந்து வருஷப் பழக்கத்தில் ஓடும். 'அண்ட்' என்று அடித்தால் காகிதத்தில் 'க்யூ, என், டி' என்று விழும். மேலதிகாரி புதிதாக மெட்ராஸிலிருந்து வந்தவர், சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு மனுஷன் தொடையில் விரலால் அடித்துப் பழகுவாராம். பாட்டி சொல்லிச் சிரிப்பாள். அவர் சிரித்ததாகச் சொன்னதில்லை.

நாற்பது வயதில் ஊரிலேயே நன்றாகப் படித்தவர் ஒருவர், திடீரென்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறவராக ஆனார். வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. ஆனால் அவருக்குக் கீழே இருந்து, பள்ளியில் இங்கிலீஷ் படித்த பையன்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். இதற்குக் கொடியேற்றம் எதுவும் நடக்கவில்லை. இதை ஒன்றும் மாறவில்லை என்ற கணக்கில் எழுதுவதா?

19 ஆகஸ்ட், கொஞ்சம் கழித்து

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரான்ஸும் இந்தியாவும் போட்ட 1956 ஒப்பந்தத்தில் பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்று எழுதியிருக்கிறது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்கிற வரைக்கும். தாத்தாவின் மொழி காகிதத்தில் ராஜாவாகவே இருந்தது. மேசையில்தான் ஆள் இல்லை.

20 ஆகஸ்ட்

"எழுத்தர் சாதாரண ஜனமா?" என்று கேட்டிருக்கிறார் முதல் கேள்விக்காரர். நியாயம். சரி, வியாபாரிகளைப் பார்ப்போம்.

புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. விழுப்புரம் பஸ்ஸில் ஏறுங்கள். வில்லியனூர் நம்முடையது. கண்டமங்கலம் தமிழ்நாடு. திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடி நம்முடையது. வளவனூர் அவர்களுடையது. முன்பு சுங்க உடன்பாடு இருந்தது, 1941 முதல். 1949-ல் இந்தியா அதை முடித்துக்கொண்டு சுற்றிலும் சுங்கக் காவல் போட்டது. ஐந்து வருஷம் இந்தப் பக்கத்துக் கத்திரிக்காய் அந்தப் பக்கச் சந்தைக்குப் போக வெளிநாட்டுச் சரக்கு. முத்தியால்பேட்டையில் மகளைக் கட்டிக்கொடுத்த கோட்டக்குப்பத்துக்காரன் சீர்வரிசைத் தட்டைப் பிரித்துக் காட்டவேண்டும்.

பாட்டி பக்கத்து உறவில் ஒருவர் துணி வியாபாரி. நவம்பர் 1 அன்று கடற்கரையில் கொடி ஏறியதை அவர் பார்க்கப் போகவில்லை. கோரிமேட்டில் சோதனை எடுத்துவிட்டார்களா என்று பார்க்கப் போனார். அவருக்கு அந்தத் தேதியிலேயே சுதந்திரம் வந்துவிட்டது.

ஆகவே வியாபாரிக்கு: 1954 நவம்பர் 1. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

20 ஆகஸ்ட்

சாராயத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மெட்ராஸ் மாகாணம் முழுக்க 1948-லிருந்து மதுவிலக்கு. இங்கே கிடையாது, ஆட்சி மாறிய பிறகும் கிடையாது. ஆக, துணிக்குச் சோதனை போனது, புட்டிக்குச் சோதனை போகவில்லை. 1971-ல் அந்தப் பக்கமும் கடை திறந்தார்கள். அதற்குள் பாண்டி என்றால் என்ன என்று தமிழ்நாடு முடிவு கட்டிவிட்டது. இதற்கு மேல் இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வமில்லை.

26 ஆகஸ்ட்

1954-க்கும் 1962-க்கும் நடுவில் நாம் யார்? இதற்கு ஒரு பஸ் பெர்மிட் பதில் சொன்னது.

பஸ் ஓட்ட அனுமதி யாருக்கு என்று இங்கே தகராறு. உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1960-களின் தொடக்கம். நீதிபதிகளுக்கு அடிப்படைச் சந்தேகம் வந்துவிட்டது: புதுச்சேரி இந்திய எல்லைக்குள் இருக்கிறதா, இல்லையா? மத்திய அரசையே கேட்டார்கள். அரசு சொன்ன பதில்: இன்னும் இல்லை. நிர்வாகம் நம்முடையது, நிலம் சட்டப்படி இன்னும் வந்து சேரவில்லை.

சேராததற்குக் காரணம் பாரிஸ். ஒப்பந்தம் 1956 மே 28-லேயே கையெழுத்தாகிவிட்டது. பிரான்ஸிடமிருந்து விடுபட அல்ஜீரியா போராடிக்கொண்டிருக்கும்போது ஒரு பிரதேசத்தை எழுதிக் கொடுப்பதாக நாடாளுமன்றத்தில் எழுந்து சொல்ல அங்கே யாருக்கும் தைரியமில்லை. 1962-ல் அல்ஜீரியா முடிந்தது, அதே கோடையில் நம் காகிதமும் நகர்ந்தது. எங்கேயோ வட ஆப்பிரிக்காவில் நடந்த சண்டைக்காக நாம் எட்டு வருஷம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

அந்த எட்டு வருஷம் என் தாத்தா இந்திய அரசிடம் சம்பளம் வாங்கிய பிரெஞ்சுப் பிரஜை.

3 செப்டம்பர்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மற்றதெல்லாம் இதற்கு முன்னுரைதான்.

1962 ஆகஸ்ட் 16-லிருந்து ஆறு மாசம். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் எல்லோரும் அன்றைக்குத் தானாகவே இந்தியர். வேண்டாம், பிரெஞ்சுக்காரராகவே இருக்கிறேன் என்கிறவர் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சும்மா இருந்தால் இந்தியர். கையெழுத்துப் போட்டால் பிரெஞ்சு. மணமாகாத சின்னப் பிள்ளைகள் தகப்பன் முடிவோடு போவார்கள்.

எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் 5,000 பேர். மொத்த ஜனத்தொகை மூன்றரை லட்சத்துக்கும் மேல். 

என் தாத்தாவுக்கு ஒரு தம்பி. நாங்கள் சொல்தா தாத்தா என்போம், சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனாவில் இருந்துவிட்டு, காலில் ஒரு தழும்போடும் பென்ஷனோடும் திரும்பியவர். அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் முன்கட்டு, பின்கட்டு. ஒரே கிணறு.

தம்பி கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். பென்ஷன் பிரான்ஸிலிருந்து வருகிறது, ஒழுங்காக வருகிறது, அதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? அண்ணன் போட மாட்டேன் என்றார். இந்திய சர்க்கார் வேலை, வேலை போய்விட்டால்? இருவர் காரணமும் ஒன்றுதான், மாசம் பிறந்தால் வருகிற பணம். தேசபக்தி என்று பின்னால் பேத்தி பேரன்கள் சொல்லிக்கொண்டோம், இரண்டு பக்கமும்.

ஆனால் நாள் பார்த்து வந்தது பாருங்கள் அந்த ஆறு மாசம். நடுவில் அக்டோபரில் சீனா படை நுழைந்துவிட்டது. ஊரெல்லாம் பாதுகாப்பு நிதி, பெண்கள் தங்கத்தைக் கழற்றிக் கொடுக்கிறார்கள். என் பாட்டி ஒரு மோதிரம் கொடுத்தாள். அதே வாரத்தில் பின்கட்டுக்காரர் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கிணற்றடியில் பாட்டி அவருக்கு வாளியைக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான், சண்டை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. அவர் தனியாகக் கயிறும் வாளியும் வாங்கினார். அந்தக் கிணற்றில் நான் சின்னப் பையனாக இருக்கும்போதும் இரண்டு கயிறு தொங்கியது.

4 செப்டம்பர்

"கையெழுத்துப் போட்டவர் துரோகியா?" என்று ஒருவர். ஐயா, பென்ஷன் வாங்கியவரைத் துரோகி என்றால், வேலை போய்விடும் என்று பயந்தவரைத் தியாகி என்று சொல்ல வேண்டியிருக்கும். இரண்டையும் நான் சொல்ல மாட்டேன்.

கையெழுத்துப் போடாத பலர் யோசித்துப் போடாமல் விட்டவர்கள்கூட இல்லை. வில்லியனூர்ப் பக்கம், பாகூர்ப் பக்கம் கிராமங்களில் இப்படி ஒரு கெடு ஓடுவதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் வதந்தி ஓடியது. கையெழுத்துப் போட்டால் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு கப்பலேற்றி விடுவார்கள் என்று. யாரையும் ஏற்றவில்லை. நிலமும் வீடும் அவரவரிடம்தான் இருந்தது.

9 செப்டம்பர்

அந்த ஒரு கையெழுத்து அறுபது வருஷத்தில் என்ன செய்தது என்று கேட்டதற்கு:

முன்கட்டுப் பேரன் நான், வக்கீல் குமாஸ்தா. பின்கட்டுப் பேரன் பாரிஸ் பக்கத்தில் ரயில்வேயில் வேலை. அவனுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. புத்தியில் இருவரும் ஒன்றுதான், பள்ளிக்கூடத்தில் கணக்கில் என்னைப் பார்த்துத்தான் எழுதுவான்.

கல்யாணச் சந்தை தனி. 'நேஷனாலிட்டி இருக்கிற பெண்', அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண் என்றால் நிறம், படிப்பு, ஜாதகம் எல்லாம் பின்னுக்குப் போகும். சாதிகூட. எங்கள் தெருவில் நாலு தலைமுறையாகச் சம்பந்தம் பேசாத இரண்டு வீட்டார் ஒரு பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சம்பந்திகளானார்கள். பெரியார் பேசியதை ஒரு சின்னப் புத்தகம் சாதித்தது என்று மேடையில் பேசினால் கைதட்டு வாங்கலாம். ஆனால் அடுத்த தலைமுறையில் அதே வீட்டார் பாஸ்போர்ட் உள்ள சொந்தச் சாதியைத் தேடினார்கள்.

பிரான்ஸில் ஜனாதிபதித் தேர்தல் என்றால் இங்கே சில ஆயிரம் பேருக்கு ஓட்டு. தூதரகத்தில் வரிசை நிற்கும். மூக்குத்தி, சுங்குடிச் சேலை, கையில் பிரெஞ்சு அடையாள அட்டை. சுற்றுலா வந்தவர்கள் வாய் பிளந்து படமெடுப்பார்கள்.

17 செப்டம்பர்

காரைக்கால் நண்பர் கோவாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அங்கே 1961 டிசம்பரில் ராணுவம் போய் எடுத்தது. போர்ச்சுகல் அதை ஒப்புக்கொள்ளவே 1974, 75 ஆயிற்று. அதனால் அங்கே கெடு வைத்த கையெழுத்து என்று ஒன்றும் இல்லை. 1961-க்கு முன்னால் பிறந்த பாட்டனைக் காட்டி இன்றும் பேரன் போர்ச்சுகல் குடியுரிமை கேட்கலாம். நம் ஆட்கள் மரியாதையாக ஒப்பந்தம் போட்டுப் பிரிந்தார்கள், ஆறு மாசத்தில் கதவு சாத்திக்கொண்டது. சண்டை போட்டுப் பிரிந்தவர்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. இதில் நீதி எதுவும் தேடாதீர்கள்.

பிரிட்டன் 1997-ல் சீனாவிடம் ஒப்படைத்த ஹாங்காங்கிலும் கெடுவுக்குள் விண்ணப்பம் கொடுத்தவர்களுக்குத்தான் அந்தப் பிரிட்டிஷ் கடல்கடந்த பாஸ்போர்ட். கொடுக்காமல் விட்ட வீடுகளிலும் ஒரு கிணறு இருக்கும், ஹாங்காங்கில் கிணறு ஏது, குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1 அக்டோபர்

இன்றைக்கு ஒரு தேதி. யாரும் கொடியேற்ற மாட்டார்கள். 1963 அக்டோபர் 1, அறுபது வருஷம். கொத்தாக இந்தியச் சட்டங்கள் புதுச்சேரிக்கு வந்தன. அதில் மகளுக்கும் பங்கு தருகிற இந்து வாரிசுரிமைச் சட்டமும் ஒன்று. மற்ற இடங்களில் 1956-லேயே வந்தது.

அதுவரை இங்கே என்ன? பிரெஞ்சு கோர்ட்டுகள் இந்துக்களுக்கு ஊர் வழக்கத்தையே சட்டமாக வைத்திருந்தன. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை பூர்வீகச் சொத்தும் அவருக்கே முழு உரிமை. மகனுக்குப் பிறப்பால் பங்கு கிடையாது. தகப்பன் போனால் மகன்களுக்கு. மகன் இருக்கும்போது மகளுக்கு ஒன்றுமில்லை.

எங்கள் ஆபீஸில் பாகப்பிரிவினை கேஸ் என்று யார் வந்தாலும் வக்கீல் கேட்கிற முதல் கேள்வி: "அப்பா எப்போ இறந்தார்?" வந்தவர்கள் துக்கம் விசாரிக்கிறார் என்று நினைப்பார்கள்.

பாகூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு அக்கா தங்கைகள் வந்தார்கள். தகர டப்பாவில் காகிதங்கள். அண்ணன் எல்லாவற்றையும் விற்கிறார், எங்களுக்குப் பங்கு உண்டா? இறப்புப் பதிவை நான்தான் பிரித்தேன். பிரெஞ்சில், சாய்ந்த கையெழுத்து. தேதி எழுத்தால் எழுதியிருக்கும், எண்ணால் இருக்காது. 1963 செப்டம்பர் 27. நாலு நாள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார், நீ சொல் என்பது போல. மூத்தவர் கேட்டார்: "கொஞ்சம் முன்னப் பின்ன எழுதியிருப்பாங்களா சார்?" அந்தப் பதிவில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

பெண்களுக்கு: 1963 அக்டோபர் 1. இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி கேட்டவரே.

2 அக்டோபர்

நேற்று எழுதியதற்கு ஒரு விலக்கு உண்டு. கேட்டவருக்கு நன்றி, ரெனோன்சான்களை நான் தனியாக எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

1881-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சாதி வழக்கம், இந்து வழக்கம், முஸ்லிம் வழக்கம், எதுவானாலும் துறக்கிறேன், பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் நீங்கள் ரெனோன்சான். ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வக்கீல் 1873-ல் ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் அபராதம் கட்டி, பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்தாரே, அவர் லாப்போர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்தும் நிறையப் பேர் இதில் போனார்கள். ஏன் போனார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தியச் சட்டம் வந்தபோது இவர்களை விட்டுவிட்டது. இந்து திருமணச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் 2ஏ என்று ஓர் உட்பிரிவு புதுச்சேரிக்காகவே உண்டு: ரெனோன்சான்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆக அவர்கள் இந்தியப் பிரஜைகள், ஆனால் கல்யாணத்துக்கும் சொத்துக்கும் பிரெஞ்சு சிவில் சட்டம். அதுவும் இன்றைய பிரான்ஸ் சட்டம் இல்லை. பிரான்ஸ் தன் குடும்பச் சட்டத்தை 1965, 1975 என்று மாற்றிக்கொண்டே போய்விட்டது. இங்கே பழைய பதிப்பு அப்படியே நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கே இல்லாத பிரெஞ்சுச் சட்டம் முத்தியால்பேட்டையில் உயிரோடு இருக்கிறது.

இவர்களுக்கு எந்தத் தேதி மாறியது? சொத்துக்கு இன்னும் தேதி வரவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

8 அக்டோபர்

நிலம் வாங்கப் போகிறேன், பத்திரத்தில் கதாஸ்தர் நம்பர் என்று போட்டிருக்கிறதே, ஏமாற்றா என்று ஒரு சென்னைக்காரர். ஏமாற்று இல்லை. பிரெஞ்சுக் கால நில அளவைப் பதிவு எண். ரீ-சர்வே நம்பரும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பரப்பு எக்டேர், ஆர் (நூறு சதுர மீட்டர்), சென்டியார் (ஒரு சதுர மீட்டர்) என்று இருக்கும். ஏக்கரும் சென்ட்டும் தேடாதீர்கள். வாய்ப்பேச்சில் குழி என்பார்கள். இங்கத்திய குழி 576 சதுர அடி, தமிழ்நாட்டுக் குழிக் கணக்கை வைத்து விலை பேசினால் நாலில் ஒரு பங்குதான் கிடைப்பதாக நினைத்து மயக்கம் போடுவீர்கள், அல்லது மயக்கம் போடவேண்டிய இடத்தில் சந்தோஷப்படுவீர்கள். நூறு குழி ஒரு காணி, 53 ஆர் சொச்சம்.

கண்டமங்கலம் எல்லையில் ஒரே ஆளின் வயல் இரண்டு பக்கமும் இருக்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் சென்ட், இந்தப் பக்கம் ஆர். ஏர் ஓட்டுகிறவர் இரண்டையும் பொருட்படுத்துவதில்லை.

19 அக்டோபர்

முதல் கேள்விக்காரர் மறுபடி வந்திருக்கிறார்: "சரி, அவ்வளவு மாறிச்சுன்னா அப்புறம் ஏன் தமிழ்நாட்டோட சேரல?"

1979 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் ஆட்சியில் சேர்க்கப் போவதாகப் பேச்சு வந்தது. ஊரே கொதித்தது. நான் பையன், பள்ளிக்கூடம் மூடியது மட்டும் சந்தோஷமாக நினைவிருக்கிறது. முன்கட்டும் பின்கட்டும் அந்த வாரம் ஒன்றாகத் திண்ணையில் உட்கார்ந்து தேசாயைத் திட்டின. 1956 ஒப்பந்தத்தில் இந்த ஊரின் தனி அந்தஸ்தை மாற்றுவதானால் மக்கள் கருத்தை அறிந்தே மாற்ற வேண்டும் என்று இருப்பதைச் சொல்தா தாத்தா பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, தாத்தா இங்கிலீஷில் மனு எழுதினார். யாருக்கு அனுப்பினார் என்று தெரியாது. கையால்தான் எழுதினார், அந்த மெஷினை அவர் கடைசிவரை நம்பவில்லை.

அந்த மனுவால்தான் இணைப்பு நின்றது என்று பாட்டி நம்பினாள்.

1 நவம்பர்

விடுதலை நாள் வாழ்த்து அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம். கடற்கரைப் பக்கம் போனேன். போலீஸ்காரர்கள் அதே சிவப்புத் தொப்பி. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன தொப்பியோடு பிரெஞ்சுக்காரர்கள் போன நாளுக்கு அணிவகுப்பு. எனக்குப் பிடிக்கும், அழகாக இருக்கிறது.

ஒயிட் டவுன் சுவரெல்லாம் மஞ்சள் பூசிப் படமெடுக்கிற கூட்டம். அந்த மஞ்சளைத்தான் வெளியூர்க்காரர்கள் பிரெஞ்சுக் காலத்தின் மிச்சம் என்று நினைக்கிறார்கள். மிச்சமெல்லாம் பதிவு அறையில் இருக்கிறது, அங்கே படமெடுக்க விடமாட்டார்கள்.

3 நவம்பர்

காரைக்கால் நண்பர் தனிச்செய்தியில் கேட்டதைப் பொதுவில் பதில் சொல்லச் சொன்னார். தாத்தா காரைக்காலில் பிறந்தவர், 1958-ல் சைகோனுக்கு வேலைக்குப் போனார், 1966-ல் திரும்பினார். கையெழுத்துப் போட்ட காகிதம் வீட்டில் எங்கே தேடியும் இல்லை. அப்படியானால் நாங்கள் பிரெஞ்சு இல்லையா?

தேடுவதை நிறுத்துங்கள், அந்தக் காகிதம் இருந்திருக்கத் தேவையில்லை. கையெழுத்து, இங்கே குடியிருந்தவர்களுக்கு. இந்தியாவுக்கும் இந்தப் பிரதேசத்துக்கும் வெளியே குடியிருந்தவர்கள் தானாகவே பிரெஞ்சாகத் தொடர்ந்தார்கள், இந்தியர் ஆக விரும்பினால்தான் அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுக்கவில்லையே என்று மட்டும் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் காட்ட வேண்டியது ஒன்று: 1962 ஆகஸ்ட் 16 அன்று தாத்தா சைகோனில் குடியிருந்தார் என்பதை. சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, எது கிடைத்தாலும் சரி. உங்கள் பெரியம்மா 1963 ஜனவரியில் அங்கே பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிறப்புப் பதிவில் தகப்பனார் குடியிருக்கும் இடம் எழுதியிருக்கும், முதலில் அதை எடுங்கள். பெயர் எழுத்து ஒரு காகிதத்தில் ஒருமாதிரியும் இன்னொன்றில் வேறுமாதிரியும் இருக்கும், பயப்படாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான்.

தாத்தாவின் காரைக்கால் பிறப்புப் பதிவையும் அனுப்புங்கள். இடது ஓரத்தை வெட்டாமல் படமெடுங்கள். கல்யாணம் மாதிரியானவற்றை ஓரத்தில்தான் பின்னால் எழுதிச் சேர்ப்பார்கள், போனமுறை நீங்கள் அனுப்பிய படத்தில் அது பாதி அறுந்து போயிருக்கிறது.